உள்ளே ஒன்றும் இல்லாத அச்சு

சிங்கப்பூரில் 2025 பிப்ரவரி 28 அன்று அப்பர் புக்கிட் தீமா சாலையோரம் ஓர் எம்ஆர்டி நிலையம் திறந்தார்கள். பெயர் ஹியூம். பக்கத்தில் இருக்கும் ஹியூம் அவென்யூவிலிருந்து வந்த பெயர். அந்தச் சாலைக்கு, அங்கே முன்பு இருந்த குழாய்த் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கிராமத்தில் வாய்க்காலுக்கு மேலே பாதை போட வேண்டுமென்றால், "ரெண்டு ஹியூம் பைப் எறக்கினா முடிஞ்சுது" என்பார்கள். இரண்டும் ஒரே பெயர். ஆஸ்திரேலியாவில் இரும்பு வேலி வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சகோதரர்களின் குடும்பப் பெயர். ஒரு குடும்பப் பெயர் கடல் தாண்டி வந்து, ஆளைத் தொலைத்துவிட்டு, ஒரு பண்டத்தின் பெயராக மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

குழாயைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். தோட்டம், ரயில், ரப்பர், கப்பல் என்று நம் வரலாற்றுக்கென்று சில பொருள்கள் ஏற்கெனவே அமைந்துவிட்டன. கழிவுநீர்க் குழாய் அந்த வரிசையில் வராது. மண்ணுக்கடியில் கிடப்பதை யார் பார்க்கிறார்கள்? ஆனால் மலாயாவில் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததும், பிறகு சாவு குறைந்ததும் தண்ணீர் எந்த வழியாக, எந்த வேகத்தில் ஓடியது என்பதோடு சம்பந்தப்பட்டது. அந்தத் தண்ணீருக்கு வழி கொடுத்தது குழாய். குழாய்க்கு உருவம் கொடுத்தது அச்சு. அச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

கிணற்று உறை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை புரியும். பெரிய தகர வளையம் ஒன்று, அதற்குள் சின்ன வளையம் ஒன்று. நடுவில் இருக்கும் சந்தில் கம்பி வலையை நிறுத்தி, கான்கிரீட்டைக் கொட்டி, கம்பால் குத்திக் குத்தி இறக்குவார்கள். மறுநாள் தகரத்தைக் கழற்றினால் உறை. பார்க்க எளிது. சிக்கல் கழற்றுவதில்தான் இருக்கிறது. கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். சுருங்கினால் வெளி அச்சை விட்டு விலகும், அது நல்லது. உள் அச்சையோ இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளித் தகரம் தானாகக் கழன்று வரும். உள்ளே இருப்பதைச் சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டும். அடித்தால் பச்சைக் கான்கிரீட்டில் கீறல் விழும். கீறல் விழுந்தால் தண்ணீர் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும், துரு வீங்கி உள்ளிருந்தே குழாயை உடைக்கும். ஆகவே அச்சு வடிவமைப்பவரின் முதல் கவலை, உள்ளே போனதை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான்.

இதற்குச் சில பழைய தந்திரங்கள் உண்டு. உள் அச்சை ஒரு பக்கம் லேசாகக் கூம்பாகச் செய்யலாம், உருவ எளிது. ஆனால் நீளமான குழாயில் கூம்பு வைத்தால் ஒரு முனையின் விட்டமும் மறுமுனையின் விட்டமும் வேறாகிவிடும். இன்னொரு வழி, உள் அச்சை மூன்று நான்கு துண்டாக்கி நடுவில் ஓர் ஆப்புத் துண்டு வைப்பது. ஆப்பை உருவினால் மற்றவை உள்பக்கமாகச் சரியும். மூன்றாவது வழி, தண்ணீர் குறைவான, ஈரமண் பதத்திலிருக்கும் கலவையைப் போட்டு இடித்து இறுக்கி, அது இறுகுமுன்னே அச்சை உருவிவிடுவது. கலவை தன் காலில் நிற்க வேண்டும்; ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் குழாய் உட்கார்ந்துவிடும். இந்த மூன்றாவது வழியைத்தான் அமெரிக்கர்கள் பிறகு இயந்திரமாக்கினார்கள். செங்குத்தாக நிற்கும் வெளி அச்சுக்குள், சுழலும் தலை ஒன்று கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே கலவையைச் சுவரில் அழுத்தும்.

குழாய்க்கு இரண்டு நுனி இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நுனி வாய் அகன்ற கிண்ணம் மாதிரி, இன்னொன்று அதற்குள் நுழையும் மூக்கு. அடுத்தடுத்த குழாய்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். அகன்ற வாயைச் செய்வதற்கு அச்சின் அடியில் தனி வளையம் வேண்டும். அந்த வளையம் சிறிது கோணினாலும் மூட்டில் சந்து விழும், சந்து வழியே மரவேர் நுழையும். வேர் நுழைந்த குழாய் என்ன ஆகும் என்பது வீட்டில் ஒரு முறையாவது அடைப்பு எடுத்தவருக்குத் தெரியும். பழைய சிறு குழாய்களில் இரு நுனியையும் சமமாக விட்டு, மூட்டின்மேல் தனியாக ஒரு கழுத்துப்பட்டை வளையம் போட்டுச் சிமெண்ட் பூசினார்கள். அச்சுக்குச் சுலபம். பூசுகிறவருக்குக் கஷ்டம், அதுவும் தண்ணீர் ஊறும் குழிக்குள் குனிந்துகொண்டு.

கான்கிரீட்டுக்குள் இரும்பை வைக்கலாம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் ஜோசப் மோனியே. பிரெஞ்சுத் தோட்டக்காரர். 1867இல் பூந்தொட்டிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு குழாய்களையும் அதில் சேர்த்தார். பூந்தொட்டிக்கு அடுத்தது குழாய் என்பது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. இரண்டும் மெல்லிய சுவர், இரண்டுக்கும் உள்ளே வெற்றிடம். அவர் முறை ஆஸ்திரேலியாவரை போனது. மெல்பர்னில் மோனியே குழாய் வார்த்து விற்ற பொறியாளர்களில் ஒருவர் ஜான் மோனாஷ். முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியப் படைக்குத் தலைமை தாங்கிய அதே மோனாஷ்தான். ஜெனரல் ஆவதற்கு முன்னால் அவர் சாக்கடைக் குழாய் வியாபாரி. மோனியேவோ 1906இல் வறுமையில் செத்தார். காப்புரிமை எல்லோரையும் காப்பாற்றுவதில்லை.

வால்டர் ஹியூமும் அவர் அண்ணன் எர்னஸ்டும் தென் ஆஸ்திரேலியாவில் 1910இல் காப்புரிமை வாங்கிய முறை, மேலே சொன்ன தலைவலியை வேறு வழியில் தீர்த்தது. உள் அச்சை எப்படி வெளியே எடுப்பது என்று அவர்கள் யோசிக்கவில்லை. உள் அச்சே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வெளி அச்சைப் படுக்க வைத்து, உருளைகள்மேல் ஏற்றிச் சுழற்றுங்கள். உள்ளே கலவையைக் கொட்டுங்கள். சுழற்சி கலவையைச் சுவரோடு ஒட்டித் தள்ளும். நடுவில் காற்று மட்டும் மிஞ்சும். அந்தக் காற்றுதான் உள் அச்சு. ராட்டினத் தூரியில் சுற்றும்போது முதுகு பின்பக்கம் ஒட்டிக்கொள்ளுமே, அதே சங்கதி. குயவர் சக்கரம் ஞாபகம் வரலாம். சக்கரத்தைப் படுக்க வைத்து, கைக்குப் பதிலாகச் சுழற்சியையே நம்பினால் கிட்டத்தட்ட இதுதான்.

எவ்வளவு வேகம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும். 600 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள குழாயில், உச்சிக்குப் போன கலவை கீழே விழாமல் இருக்க நிமிடத்துக்குச் சுமார் 55 சுற்று வேண்டும். 1800 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுமார் 32 போதும். சின்னக் குழாய் வேகமாகச் சுற்ற வேண்டும், பெரியது மெதுவாகச் சுற்றினாலே நிற்கும். ஆனால் விழாமல் நின்றால் மட்டும் போதாது, இறுக வேண்டும். அதே 600 மில்லிமீட்டர் குழாயை நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் உள்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு துகளும் தன் எடையைப்போல் 30 மடங்கு விசையோடு வெளிப்பக்கம் தள்ளப்படும். ஒரு ஜல்லியை முப்பது ஜல்லி சேர்ந்து அழுத்துவதுபோல. கம்பால் குத்திக் குத்தி எந்தக் கூலியாளும் இவ்வளவு இறுக்கத்தைக் கொண்டுவர முடியாது.

இதில் இன்னொரு நன்மை தானாகக் கிடைத்தது. கனமான ஜல்லி வெளிப்பக்கம் போகும். லேசான தண்ணீரும் சிமெண்ட்ப் பாலும் உள்பக்கம் வந்து சேரும். அதிகத் தண்ணீரை வடித்துவிடலாம். கலவை இளகலாக இருந்தால்தான் அச்சுக்குள் சுலபமாகப் பரவும். தண்ணீர் குறைவாக இருந்தால்தான் கான்கிரீட் பலமாக இருக்கும். கட்டட வேலையில் என்றைக்கும் தீராத இந்தச் சண்டையை, போடும்போது தண்ணீரோடு போட்டு, சுழற்றும்போது தண்ணீரைப் பிரித்துச் சமாதானம் செய்துவிட்டார்கள். உள்பரப்பும் வழவழப்பாக அமைந்தது, தண்ணீர் தடையில்லாமல் ஓடும். ரொம்ப நேரம் சுழற்றினால் உள்ளே வெறும் சிமெண்ட்ப் பால் படலம் தடித்து, பிறகு மெல்லிசாக உரிந்துவரும் என்பதும் உண்மைதான். எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பது இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

உள் அச்சு போனதால் வடிவமைப்பாளரின் வேலை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மொத்தச் சிக்கலும் வெளி அச்சுக்கு வந்துவிட்டது. அது இனி சும்மா நிற்கும் தகரம் இல்லை, சுற்றும் இயந்திரத்தின் உறுப்பு. எஃகுத் தகட்டை இரண்டு அரை வட்டமாக வளைத்து, நீளவாக்கில் விளிம்பு வைத்து, போல்ட் போட்டு இணைக்கிறார்கள். வெளியே வண்டிச் சக்கரத்துப் பட்டைபோல் தடித்த வளையங்கள். உருளைகள்மேல் ஓடுவது அவைதாம். அச்சு வட்டம் தப்பினாலோ, ஒரு பக்கம் கனம் கூடினாலோ, உருளைமேல் துள்ளும். துள்ளினால் உள்ளே இருக்கும் கலவை பிரியும். விளிம்புச் சந்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் சிமெண்ட்ப் பால் அதன் வழியே பீச்சி அடிக்கும். அந்த இடத்தில் குழாயில் தேன்கூடு மாதிரி ஓட்டை. போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்து சுற்றுகிறது, பக்கத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி நுனி வளையம். அச்சின் இரு முனையிலும் உள்பக்கம் நீட்டிய ஓர் உதடு. குழாய்ச் சுவரின் கனம் எவ்வளவோ அவ்வளவு உயரம். கலவை அந்த உதட்டைத் தொடும்வரை போட வேண்டும். அதாவது குழாயின் உள்விட்டத்தைத் தீர்மானிக்கும் பரப்பு என்று எதுவுமே அச்சுக்குள் இல்லை. இரண்டு முனையிலும் இரண்டு விளிம்பு. நடுவில் உள்ள மீட்டர் கணக்கான நீளத்தைச் சுழற்சியே சமன் செய்கிறது. ஓர் அளவைக் கோடு போட்டு முழுவதும் வரையாமல், இரண்டு புள்ளி மட்டும் வைத்துவிட்டு விடுவதுபோல.

மெல்பர்னிலேயே ராபர்ட்சன், கிளார்க் என்ற இருவரின் பெயர் முன்னெழுத்துகளைச் சேர்த்து உருவான ரோக்லா நிறுவனம் இதற்குப் போட்டியாக ஒரு முறையைக் கொண்டுவந்தது. அச்சை உருளைமேல் ஏற்றாமல், ஒரு தண்டை அச்சுக்குள் நுழைத்து அதில் அச்சைத் தொங்கவிட்டுச் சுற்றினார்கள். தண்டுக்கும் அச்சுக்கும் நடுவில் கலவை நசுங்கி இறுகும். உலர்ந்த கலவை போதும், தண்ணீர் வடிக்கும் தொல்லை இல்லை.

1926இல் வால்சந்த் ஹிராசந்த் பம்பாயில் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியைத் தொடங்கினார். கப்பல், விமானம், மோட்டார் என்று பிற்காலத்தில் இந்தியத் தொழில் வரலாற்றில் இடம்பிடித்த அதே வால்சந்த். தமிழில் 'ஹியூம் பைப்' என்ற பொதுச்சொல் நிலைத்ததில் அந்தக் கம்பெனியின் பெயருக்குப் பங்கு இருக்க வேண்டும். யார் வார்த்தாலும், எந்த முறையில் வார்த்தாலும், வட்டமான கான்கிரீட் குழாய் என்றால் ஹியூம் பைப். சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமாவில் ஹியூம் தொழிற்சாலைக்கு அண்டை வீடு ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடம். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். குழாய் வார்த்த இடம் வீடுகளாகி, சாலைப் பெயராகி, இப்போது ரயில் நிலையப் பெயராகியிருக்கிறது.

இனி தண்ணீர். 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது, இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த சில வாரங்களில் மலேரியா துறைமுகத்தையே மூடவைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. கொசு மூலம்தான் மலேரியா பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், கால்வாய் தோண்டினார். அடுத்த ஆண்டே காய்ச்சலும் சாவும் பல மடங்கு குறைந்தன.

ஆனால் இந்த வெற்றி மலைச்சரிவில் செல்லவில்லை. இங்கேதான் கதை நம்மிடம் வருகிறது. ரப்பர் விலை ஏற, தோட்டங்கள் சமநிலத்திலிருந்து குன்றுகளுக்கு ஏறின. காட்டை வெட்டி, வெயில் படவைத்து, சதுப்பில் செய்ததுபோலவே கால்வாய் தோண்டினார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது. காரணம், அங்கே வேறு கொசு. சதுப்பின் நிழலில் வளர்வது ஒரு வகை. மலைச்சரிவில் வளர்வது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ், அதற்கு வெயில் படும் தெளிந்த ஊற்றுநீர்தான் வேண்டும். காட்டுக்கு அடியில் இருட்டில் ஓடிக்கொண்டிருந்த ஓடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே தோட்டம் போட்டவர்கள்தான். சுத்தமான தண்ணீர் ஓடும் சுத்தமான கால்வாய் கொசுவுக்குத் தொட்டிலானது. லயங்களையும் தண்ணீர் வசதிக்காக அந்த ஓடைகளின் பக்கத்திலேயே கட்டியிருந்தார்கள்.

1911இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஓர் ஆண்டுக்குள், ஆயிரத்தில் அறுபது. வந்தவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், வேலை செய்யத் தகுந்த உடம்பு என்று பார்த்துக் கப்பலேற்றப்பட்டவர்கள். கங்காணி காட்டிய கனவைப் பற்றியும், வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸைப் பற்றியும் நாம் நிறைய எழுதிவிட்டோம். அந்த எழுத்துகளில் காய்ச்சல் பெரும்பாலும் விதியாக, காட்டின் சாபமாக வரும். அது கட்டுமானக் கோளாறாகவும் இருந்தது என்பது கண்ணில் படுவதில்லை.

வாட்சன் கண்ட தீர்வு, மலை ஓடையைத் திரும்பவும் இருட்டுக்கு அனுப்புவது. பள்ளத்தாக்கின் அடியில் சிறு குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக, மூட்டைப் பூசாமல் வைத்து மண்ணால் மூடினார்கள். ஊற்றுநீர் மூட்டுச் சந்து வழியே குழாய்க்குள் இறங்கி மண்ணுக்கடியிலேயே ஓடிவிடும். மேலே தரை காய்ந்து கிடக்கும், கொசு முட்டையிட இடமில்லை. சாக்கடையில் மூட்டு கசிந்தால் குற்றம். இங்கே கசிவதற்காகவே மூட்டு. இந்தக் குழாய்கள் பெரும்பாலும் சுட்ட மண். மூட முடியாத பெரிய ஓடைகளுக்குக் கான்கிரீட் வந்தது. அரை வட்டத் தொட்டி போன்ற துண்டுகளை அச்சில் வார்த்து, ஓடையின் அடியில் வரிசையாகப் பதித்தார்கள். அவற்றில் தண்ணீர் ஒடுங்கி, வேகமாக ஓடும். புல்லும் கல்லும் இல்லாத வழவழப்பில் கொசுப்புழுவுக்குப் பிடித்து நிற்க ஓர் ஓரம் கிடைக்காது.

அந்த அரை வட்ட அச்சைக் கவனியுங்கள். அடி வட்டமாக இருக்க வேண்டும், தட்டையாக இருக்கக் கூடாது. மழையில்லாத நாளில் ஓடையில் ஓடுவது ஒரு கையளவு தண்ணீர்தான். தட்டையான அடியில் அது பரவி, மெலிந்து, அங்கங்கே தேங்கும். வட்ட அடியில் அதே தண்ணீர் குவிந்து ஆழமாகி ஓடும். லண்டன் சாக்கடைகளை 19ஆம் நூற்றாண்டில் முட்டை வடிவத்தில், கூர்நுனி கீழே வரும்படி கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். பெருமழையைச் சுமக்க அகலம் வேண்டும், வறண்ட நாளில் ஓட ஒடுக்கம் வேண்டும். நம் லோங்காங்குகளின் அடியில், பெரிய சதுரக் கால்வாயின் நடுவில் சின்ன அரை வட்டப் பள்ளம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு வைத்ததில்லை.

உள்பரப்பு வழவழப்பாக வர, அச்சின் முகமும் வழவழப்பாக இருக்க வேண்டும். மரப்பலகை அச்சானால் பலகையின் ரேகை கான்கிரீட்டில் விழும். மனிதக் கண்ணுக்கு அது ரேகை. புழுவுக்கு அது வரப்பு. எண்ணெய் பூசாமல் விட்டால் அச்சைக் கழற்றும்போது முகம் பிய்ந்து வரும், குழி விழும், குழியில் தண்ணீர் நிற்கும். ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்பதற்கும், வார்ப்புப் பட்டறையில் ஒருவர் எவ்வளவு ஒழுங்காக எண்ணெய் பூசினார் என்பதற்கும் தொடர்பு இருந்தது. கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் மாக்குலேட்டஸுக்கு ஒரு சிரட்டை அளவு தெளிந்த தண்ணீர் போதும்.

குழாயைப் புதைப்பது பற்றி ஒரு வார்த்தை. மண்ணுக்கடியில் ஒரு குழாய் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டு பிறக்கும்வரை யாரும் உருப்படியாகக் கணக்குப் போடவில்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் விவசாயிகள் வயல்நீர் வடிக்கப் புதைத்த குழாய்கள் வரிசையாக நொறுங்கின. ஏன் என்று ஆராய்ந்த ஆன்சன் மார்ஸ்டன் 1913இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். குழிக்குள் போட்ட மண் கீழே அமிழப் பார்க்கும்போது, குழியின் இரு பக்கச் சுவரும் உராய்ந்து அதைக் கொஞ்சம் தாங்கும். அதனால் குறுகிய குழியில் குழாயின்மேல் விழும் பாரம் குறைவு. குழியை அகலமாக வெட்டினால் பாரம் அகலத்தைவிட வேகமாகக் கூடும். அதே குழாய், அதே ஆழம், ஆனால் குழி அகன்றதால் உடையும். அப்படி உடையும்போது உச்சியிலும் அடியிலும் உள்பக்கமாகக் கீறும், இரு பக்கவாட்டிலும் வெளிப்பக்கமாகக் கீறும்.

இதைத் தெரிந்துகொண்ட அச்சுக்காரர்கள் சிலர் கம்பிக்கூட்டை வட்டமாகச் செய்யாமல் நீள்வட்டமாகச் செய்தார்கள். உச்சியிலும் அடியிலும் கம்பி உள்பக்கம் நெருங்கும், பக்கவாட்டில் வெளிப்பக்கம் நெருங்கும். எங்கே கீறுமோ அங்கே கம்பி. இரும்பு மிச்சம். ஆனால் அந்தக் குழாயைச் சரியான பக்கம் மேலே வரும்படி வைத்தாக வேண்டும். கால்வாசி சுற்றி வைத்துவிட்டால் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. வெளியே பார்த்தால் வட்டம்தான், எது உச்சி என்று தெரியாது. அதற்காக உச்சியில் தூக்குத் துளையை வைத்தே வார்த்தார்கள். கயிறு மாட்டித் தூக்கினால் உச்சி தானாக மேலே வரும். எழுத்துப் படிக்கத் தெரியாத ஆளும் சரியாக வைக்க முடியும். சுழற்றி வார்க்கும் குழாயில் வழக்கமாகக் கம்பிக்கூடும் வட்டம்தான், எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்று. வடிவமைப்பவர் குழிக்குள் இறங்குகிறவரை நினைத்துப் பார்த்தாரா இல்லையா என்பது இந்த மாதிரி இடங்களில்தான் தெரிகிறது.

குழிக்குள் இறங்கியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். சிங்கப்பூர் நகராட்சியிலும் மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் சாலை, கால்வாய், துப்புரவு வேலைகளில் தமிழர்கள்தான் பெருமளவில் இருந்தார்கள். தோட்டத்தில் மலேரியாக் கால்வாயைத் தோண்டியவர்களும், அந்தக் கால்வாயால் உயிர் தப்பியவர்களும், அது வருமுன் செத்தவர்களும் ஒரே லயத்து ஆட்கள். ஆவணங்களில் இவர்கள் எண்ணாக வருகிறார்கள்: இத்தனை கூலிகள், இத்தனை அடி நீளம், ஆயிரத்துக்கு இத்தனை மரணம். பெயரோடு வருவது வாட்சனும் ஹியூமும்.

கான்கிரீட் குழாயின் எதிரி உள்ளேயிருந்து வந்தது. கழிவுநீர் தேங்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம், அதுதான். அந்த வாயு குழாயின் உச்சியில் படிய, அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் சிமெண்ட்டைத் தின்னும். தண்ணீர் படாத உச்சி முதலில் கரைந்து உதிரும். பாக்டீரியாவின் வேலைதான் இது என்று 1945இல் காட்டியவர் மெல்பர்னைச் சேர்ந்த பார்க்கர். மோனாஷ் குழாய் விற்ற அதே ஊர். வெப்பம் கூடினால் இந்த அரிப்பும் கூடும், நம் ஊர் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம்.

சிங்கப்பூரின் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதல் கட்டம் 2008இல் முடிந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர். தண்ணீர் தன் சரிவிலேயே ஓடிக் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். இரண்டாம் கட்டம் துவாஸ் பக்கம். இதில் குழாயைப் பட்டறையில் வார்த்துக் கொண்டுவந்து வைக்க முடியாது, அவ்வளவு பெரியது. வளைந்த கான்கிரீட் துண்டுகளை வார்த்து, துளையிடும் இயந்திரத்தின் பின்னாலேயே ஒன்றோடொன்று கோத்து வளையமாக்குகிறார்கள். அதற்கு உள்ளே இன்னொரு கான்கிரீட் சுவர். அமிலம் தின்னாமல் இருக்க, அதன் உள்முகம் முழுக்க எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பைப் பிறகு ஒட்ட முடியாது. அதன் முதுகிலிருக்கும் முளைகள் பச்சைக் கான்கிரீட்டுக்குள் புதைந்து இறுக வேண்டும். ஆகவே விரிப்பை எஃகு உள் அச்சின்மேல் சுற்றி, சுரங்கத்துக்குள் நிறுத்தி, சந்தில் கான்கிரீட்டை இறைக்கிறார்கள். 1910இல் ஹியூம் சகோதரர்கள் தூக்கி எறிந்த உள் அச்சு, இப்படித் திரும்ப உள்ளே வந்திருக்கிறது.

அதைக் கழற்றும் சிக்கலும் கூடவே வந்திருக்கிறது. இப்போது நீரழுத்த ஜாக்கிகள் உள் அச்சை உள்பக்கம் மடக்குகின்றன. மடங்கிய அச்சு தண்டவாளத்தில் நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போகிறது. கிணற்று உறைக்காரரின் ஆப்புத் துண்டு செய்த அதே வேலை. தரைக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில், சரியாகப் பொருந்தியதா, சந்து விழுந்ததா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் தமிழ் காதில் விழாத இடம் குறைவு. "கொஞ்சம் எறக்கு, இன்னும் கொஞ்சம், போதும் நிறுத்து" என்ற குரல் அங்கேயும் கேட்கும்.